5ஜி போன் கையில் இருக்கு... கால் மட்டும் போகலையே! போன் கம்பெனிக்கும் சிம் கம்பெனிக்கும் நடுவில் சிக்கும் வாடிக்கையாளர்: காரணம் என்ன, எங்கே புகார் செய்வது?

புது ஸ்மார்ட்போன். விலை இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '5ஜி' என்று அச்சடித்திருக்கிறது. பழைய சிம்மை எடுத்துப் போட்டால் டவர் முழுசா காட்டுது, இன்டர்நெட்டும் ஓடுது. ஆனால் யாராவது அழைத்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்ற குரல்தான் கேட்கிறது. வீட்டுக்குள் போனால் கால் கட் ஆகிறது. 5ஜி வந்த ஊரிலும் 4ஜி மட்டுமே நிற்கிறது.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "சார், எங்க நெட்வொர்க் சரியாத்தான் இருக்கு. உங்க போன்லதான் பிரச்னை. சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க" என்கிறார்கள். சர்வீஸ் சென்டருக்குப் போனால், "போன் நல்லா இருக்கு சார், சிம் கம்பெனியில கேளுங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு வாரம் அலைந்த பிறகும் பிரச்னை யாருடையது என்பதே தெரிவதில்லை.

இது யாரோ ஒருவருக்கு மட்டும் நடக்கும் கதை இல்லை. வங்கி ஓடிபி, கேஸ் புக்கிங், ஆன்லைன் வகுப்பு, ஆம்புலன்ஸ் அழைப்பு என எல்லாமே ஒரு சிம்மை நம்பி இருக்கும் காலத்தில், போனும் நெட்வொர்க்கும் ஒத்துப்போகாமல் இருப்பது சின்ன எரிச்சலோடு முடியும் விஷயம் அல்ல. இந்தச் சிக்கல் எங்கே தொடங்குகிறது? பொறுப்பு யாருடையது? வாடிக்கையாளர் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

போனும் சிம்மும் தனித்தனி... பிரச்னையும் அங்கேதான்

ஒரு காலத்தில் இந்தியாவிலும் போனையும் சேவையையும் ஒரே நிறுவனம் விற்றது. 2003-ஐ ஒட்டி ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் போன்றவை சிடிஎம்ஏ போன்களை இணைப்போடு சேர்த்தே கொடுத்தன. போனில் என்ன கோளாறு என்றாலும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். 2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோதும் ஏர்டெல், வோடஃபோன் வழியாகத்தான் விற்கப்பட்டது.

அதன்பிறகு நிலைமை மாறியது. இப்போது போனை ஒரு கடையிலோ ஆன்லைனிலோ வாங்குகிறோம். சிம்மை வேறு இடத்தில் வாங்குகிறோம். இதனால் வாடிக்கையாளருக்குச் சுதந்திரம் கிடைத்தது உண்மை. எந்த போனிலும் எந்த சிம்மையும் போடலாம், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கூடவே ஒரு ஓட்டையும் விழுந்தது. போனுக்கு வாரண்டி தருபவர் ஒருவர், சேவைக்குப் பணம் வாங்குபவர் இன்னொருவர். இரண்டும் சேர்ந்து வேலை செய்கிறதா என்பதற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை.

2ஜி காலத்தில் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சிம்மைப் போட்டால் கால் போகும், எஸ்எம்எஸ் வரும், அவ்வளவுதான். 4ஜி, 5ஜி வந்த பிறகு ஒவ்வொரு வசதிக்கும் போன் நிறுவனமும் டெலிகாம் நிறுவனமும் தனித்தனியாகச் சோதித்து, 'சரி, இந்த மாடலில் இதைத் திறக்கலாம்' என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஒப்புதல் வராத வரை, வன்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வசதி பூட்டியே கிடக்கும்.

டவர் இருந்தும் கால் போகாதது ஏன்?

இதற்கான பதில் 'வோஎல்டிஇ' என்ற தொழில்நுட்பத்தில் இருக்கிறது. 4ஜி நெட்வொர்க் அடிப்படையில் டேட்டாவுக்காக உருவாக்கப்பட்டது. 2ஜி, 3ஜியில் இருந்ததுபோல பேச்சுக்கென்று தனிப்பாதை அதில் கிடையாது. அதனால் குரலையும் டேட்டாவாக மாற்றி அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் வோஎல்டிஇ.

போனில் வோஎல்டிஇ வேலை செய்யவில்லை என்றால், கால் வரும்போது போன் 4ஜியை விட்டு இறங்கி 2ஜி அல்லது 3ஜிக்குப் போகும். பேசி முடித்ததும் மறுபடி 4ஜிக்கு ஏறும். கால் கனெக்ட் ஆக நேரம் எடுப்பது, பேசும்போது இன்டர்நெட் நின்றுபோவது, சில கால்கள் வராமலே போவது எல்லாவற்றுக்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஜியோவில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. 2016 செப்டம்பர் 5-ல் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி நெட்வொர்க்கே கிடையாது. இறங்கிப் போக கீழ்ப்படி இல்லை. வோஎல்டிஇ இல்லாத 4ஜி போன் வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் தனியாக ஒரு ஆப் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. மறுபக்கம் ஏர்டெல் தனது 3ஜி சேவையை மூடிவிட்டது. ஆக, கீழே இறங்கும் போன் இன்று நேராக 2ஜியில்தான் போய் விழுகிறது.

சரி, வோஎல்டிஇ இருக்கும் போனிலும் ஏன் சிலருக்கு வேலை செய்வதில்லை? ஒவ்வொரு டெலிகாம் நிறுவனத்துக்கும் அதன் சர்வர் முகவரி, குரல் தர அமைப்பு, அவசர அழைப்பு விதி என ஒரு 'செட்டிங்ஸ் தொகுப்பு' உண்டு. சிம்மைப் போட்டதும் போன் அந்தத் தொகுப்பைத் தன் மென்பொருளுக்குள் தேடும். இந்தியாவில் விற்கப்படும் மாடல்களில் இங்குள்ள நிறுவனங்களின் தொகுப்பு பொதுவாக இருக்கும். துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் வாங்கி வந்த மாடலில் அது இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. பார்க்க இரண்டும் ஒரே போன்தான். உள்ளே இருக்கும் மென்பொருள்தான் வேறு.

வைஃபை காலிங் வசதிக்கும் இதே கதைதான். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய வரம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. தொடக்கத்தில் குறிப்பிட்ட மாடல்களில் மட்டுமே இயங்கியது. பிறகுதான் பட்டியல் நீண்டது. பட்டியலில் இல்லாத போன் வைத்திருந்தவர் காத்திருக்க வேண்டியதுதான்.

2022-ல் என்ன நடந்தது?

இந்தப் பிரச்னை நாடு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது 5ஜி அறிமுகத்தின்போது. 2022 அக்டோபர் 1-ம் தேதி டெல்லியில் நடந்த இந்தியா மொபைல் காங்கிரஸ் நிகழ்ச்சியில் பிரதமர் மோடி 5ஜி சேவையைத் தொடங்கி வைத்தார். ஏர்டெல் முதலில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே '5ஜி ரெடி' என்ற விளம்பரத்தோடு போன்கள் இங்கே விற்றுக்கொண்டிருந்தன. 2020-ல் வந்த ஐபோன் 12-ம் அதில் அடக்கம். சேவை தொடங்கிய நாளில், அப்படி முன்கூட்டியே வாங்கியவர்களில் பலருக்கு 5ஜி வரவில்லை. காரணம், போனில் 5ஜியைத் திறந்துவிடும் மென்பொருள் அப்டேட் வந்து சேரவில்லை. டெலிகாம் நிறுவனங்கள் போன் நிறுவனங்களைக் கைகாட்டின. போன் நிறுவனங்களோ, நெட்வொர்க்கில் சோதனை முடிந்தால்தான் அப்டேட் தர முடியும் என்றன.

மத்திய அரசு அதிகாரிகள் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் இரு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைத்துப் பேசும் அளவுக்கு விவகாரம் போனது. கடைசியில் ஐபோன்களுக்கு 5ஜி திறந்தது 2022 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2 அப்டேட்டில்தான். அதாவது, லட்ச ரூபாய் கொடுத்து போன் வாங்கியவரும் சேவை தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்.

அதிலும் இன்னொரு சிக்கல் இருந்தது. ஏர்டெல் தொடங்கியது 4ஜி அடித்தளத்தின் மேல் கட்டிய 'என்எஸ்ஏ' வகை 5ஜி. ஜியோ தேர்ந்தெடுத்தது தனித்து இயங்கும் 'எஸ்ஏ' வகை. போனில் ஒரு வகை மட்டும் திறந்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மில் 5ஜி வரும், நம் சிம்மில் வராது. 'ஒரே போன், ஒரே தெரு, அவருக்கு மட்டும் எப்படி?' என்ற கேள்விக்கு கஸ்டமர் கேரில் பதில் சொல்ல ஆள் இல்லை.

'பேண்ட்' பார்த்து வாங்கினீர்களா?

போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எவ்வளவு என்று கேட்கிறோம். எந்தெந்த அலைவரிசைகளை, அதாவது 'பேண்ட்'களை அந்த போன் பிடிக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. சொல்லும் கடைக்காரர்கள் அதைவிடக் குறைவு.

ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு அலைவரிசைகளில் சேவை தருகிறது. உதாரணமாக, பிஎஸ்என்எல் தனது 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசை தூரமாகப் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும். கிராமங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இதுதான் கைகொடுக்கும். 2022 ஏலத்தில் ஜியோ 5ஜிக்காக 700 மெகாஹெர்ட்ஸை வாங்கியதற்கும் இதுவே காரணம்.

உங்கள் போன் அந்த பேண்டைப் பிடிக்காது என்றால், டவர் பக்கத்திலேயே இருந்தாலும் பலன் இல்லை. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு தனியார் நிறுவனங்களிலிருந்து பிஎஸ்என்எல்லுக்கு மாறியவர்களில், பழைய போன் வைத்திருந்த சிலர் சந்தித்த சிக்னல் சிக்கலுக்கு டவர் பற்றாக்குறையோடு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். சிம் தரும்போதே, 'உங்க போன் மாடல் என்ன? எங்க பேண்டைப் பிடிக்குமா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இ-சிம்: வசதியா, தொல்லையா?

அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் சிம் போடும் இடமே கிடையாது, எல்லாம் இ-சிம்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு வாங்கி வரும் போன் இதுவாக இருந்தால், இங்கே ஊரில் சிம்மை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டிய நிலை. ஜியோ, ஏர்டெல், விஐ நிறுவனங்கள் முன்பே இ-சிம் கொடுத்தன. பிஎஸ்என்எல் 2025-ல்தான் அந்த வரிசைக்கு வந்தது.

இ-சிம்முக்கு மாறுவது கேட்க எளிது. ஒரு எஸ்எம்எஸ், ஒரு கியூஆர் கோட், ஸ்கேன் செய்தால் முடிந்தது. நடுவில் ஏதாவது தடங்கல் வந்தால்தான் தெரியும். பழைய சிம் செயலிழந்திருக்கும், புது இ-சிம் ஏறியிருக்காது. கஸ்டமர் கேரை அழைக்கக்கூட போன் இருக்காது. உறுதிப்படுத்தும் ஓடிபியும் அதே செத்துப்போன எண்ணுக்குத்தான் வரும்!

சிம் மாற்றியபின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் சேவை நிறுத்தி வைக்கப்படும் என்பதையும் பலர் அறிவதில்லை. சிம்மை மோசடியாக மாற்றி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்களைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லாததால், அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டியவர் ஓடிபி வராமல் தவிக்கிறார். 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றவும் முடியாது. காரணம் சரிதான், தகவல் சொல்வதில்தான் குறை.

வெளிநாடுகளில் என்ன நிலை?

அங்கும் எல்லாம் சீராக இருந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரி 22-ல் 3ஜியை மூடியது. அதற்குமுன் தன் நெட்வொர்க்கில் குரல் அழைப்பு இயங்கும் போன்களின் பட்டியலை வெளியிட்டது. 4ஜி வசதி இருந்தும் அந்தப் பட்டியலில் இல்லாத போன்கள் பேசப் பயன்படாமல் போயின. நல்ல போனைத் தூக்கி எறிய வேண்டியிருந்தது என்ற கோபம் அங்கே பெரிதாக எழுந்தது. ஆனால் ஒன்று, பட்டியல் என்று ஒன்று முன்கூட்டியே கையில் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் விஷயம் உயிரோடு தொடர்புடையதாக மாறியது. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் நிறுவனங்கள் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை மூடின. 4ஜி வழியாக '000' என்ற அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களுக்குச் சேவையே தரக்கூடாது என்று அந்நாட்டு விதி சொல்கிறது. இதனால் வெளிநாட்டில் வாங்கிய பல போன்கள் அங்கே முடக்கப்பட்டன. இங்கிருந்து படிக்கவும் வேலைக்கும் போகும் தமிழர்கள் கையில் கொண்டுபோகும் போனுக்கும் இது பொருந்தும்.

அந்த விதி எவ்வளவு அவசியம் என்பது 2025-ல் தெரிந்தது. சில பழைய சாம்சங் மாடல்கள், மற்ற நெட்வொர்க்குகள் கிடைக்காதபோது அவசர அழைப்பை ஏற்கெனவே மூடப்பட்ட 3ஜிக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சிட்னியில், பழைய மென்பொருள் கொண்ட போனிலிருந்து '000' அழைப்பு போகாத நிலையில் ஒருவர் உயிரிழந்ததாக அங்குள்ள டிபிஜி டெலிகாம் நிறுவனமே தெரிவித்தது.

போனும் நெட்வொர்க்கும் ஒத்துப்போகிறதா என்பது வெறும் வசதி பற்றிய கேள்வி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இந்தியாவில் '112' அவசர எண்ணை அழுத்தும் நாளில் போன் எந்தப் பாதையில் போகும் என்பதை நாம் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

கஸ்டமர் கேர் ஏன் கைவிரிக்கிறது?

டெலிகாம் நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சந்தையில் ஆயிரக்கணக்கான மாடல்கள். ஒரே மாடலிலும் ஒவ்வொருவர் போனில் ஒவ்வொரு மென்பொருள் பதிப்பு. அத்தனையையும் சோதிப்பது எளிதல்ல. மாதம் ஒருவரிடமிருந்து சராசரியாகக் கிடைக்கும் வருமானமும் 200 ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு பொறியாளர் அரை மணி நேரம் செலவிட்டால் அந்த மாத வருமானம் அதிலேயே போய்விடும். அதனால்தான் மனிதருக்குப் பதில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்ற குரலும், ஆப்பில் ஒரு சாட்பாட்டும் நிற்கின்றன. லைனில் வரும் ஊழியரிடமும் இருப்பது ஒரு கேள்விப் பட்டியல்தான். 'போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதைத் தாண்டி அந்தப் பட்டியலில் பெரிதாக எதுவும் இல்லை.

ஆனால் இந்த நியாயம் ஒரு எல்லை வரைதான் செல்லும். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. வரம்பில்லா 5ஜி வேண்டும் என்றால் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலான திட்டத்தை எடுக்க வேண்டும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் வைத்தன. 5ஜிக்காகக் கூடுதல் பணம் வாங்கும்போது, அந்த போனில் 5ஜி இயங்குகிறதா என்று பார்த்துச் சொல்லும் கடமையும் சேர்ந்தே வரத்தானே வேண்டும்? எந்த எண் எந்த மாடல் போனில் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும். ஒவ்வொரு போனின் ஐஎம்இஐ எண்ணிலேயே மாடலைக் காட்டும் குறியீடு இருக்கிறது. ரீசார்ஜ் செய்யும்போதே, 'உங்கள் போனில் இந்த வசதி வேலை செய்யாது' என்று ஒரு வரி காட்டத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

போட்டியும் முன்புபோல் இல்லை. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த இடத்தில் இப்போது நான்குதான். அதிலும் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இரண்டு நிறுவனங்களிடம் இருக்கிறார்கள். 'பிடிக்கலைன்னா மாறிக்கோங்க' என்ற வாய்ப்பின் பலம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

விதிகள் என்ன சொல்கின்றன?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், சேவைத் தரத்துக்கான புதிய விதிகளை 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எந்தெந்தப் பகுதியில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டு கட்டணத்தில் கழிவு தரவும், பிரீபெய்டு வேலிடிட்டியை நீட்டிக்கவும் வேண்டும் என்பது இன்னொன்று.

நல்ல விதிகள்தான். ஆனால் இந்த அளவுகோல்கள் அளப்பது நெட்வொர்க்கை. எத்தனை கால் கட் ஆனது, டவர் எவ்வளவு நேரம் நின்றது, கஸ்டமர் கேரில் எத்தனை வினாடியில் எடுத்தார்கள் என்பதைத்தான் அவை பார்க்கின்றன. போனை எடுத்தவர் பிரச்னையைத் தீர்த்தாரா, இந்த மாடலில் இந்த வசதி இயங்குகிறதா என்ற கேள்விகள் அந்த எண்களுக்குள் வருவதில்லை. வரைபடத்தில் உங்கள் தெரு 5ஜி நிறத்தில் இருக்கும். உங்கள் போனில் 5ஜி இருக்காது. கணக்குப்படி இரண்டுமே சரி.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் பிரச்னை எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள். உங்கள் சிம்மை அதே வீட்டில் இருக்கும் வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். பிறகு வேறு நிறுவன சிம்மை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். உங்கள் சிம் மற்ற போனில் சரியாக வேலை செய்து, உங்கள் போனில் மட்டும் தகராறு செய்தால் கோளாறு போனிலோ அதன் மென்பொருளிலோ இருக்கலாம். இரண்டு போனிலும் உங்கள் சிம் தகராறு செய்தால் சிம் அல்லது நெட்வொர்க் பக்கம் சந்தேகப்படலாம். ஐந்து நிமிட வேலை இது. ஆனால் 'உங்க போன்லதான் பிரச்னை' என்ற வாதத்துக்கு இதுதான் நேரடியான பதில்.

அடுத்து, போனின் மென்பொருள் அப்டேட் நிலுவையில் இருக்கிறதா என்றும், செட்டிங்ஸில் வோஎல்டிஇ, 5ஜி தேர்வுகள் ஆன் ஆகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். வைஃபை காலிங் தேர்வு இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் புகார் எண்ணான 198-ஐ அழையுங்கள். பேசி முடிக்கும் முன் புகாருக்கான 'டாக்கெட் எண்'ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். டிராயின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி அந்த எண்ணைத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. "நோட் பண்ணிக்கிட்டோம் சார்" என்ற வாய்வார்த்தை பிறகு எதற்கும் உதவாது.

புகாருக்குத் தீர்வு கிடைக்கவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். தீர்வுக்கான காலக்கெடு முடிந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் அது முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் இணையதளம் வழியாகத் தொலைத்தொடர்புத் துறைக்குப் புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருக்கிறது.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். டெலிகாம் புகார்களை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற நிலை 2009-ல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பல ஆண்டுகள் நீடித்தது. அதை மாற்றியது அகமதாபாத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு 24,609 ரூபாய்க்கு பில் வந்தது. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்தது. 2022 பிப்ரவரி 16-ல், டெலிகாம் சேவைக்கு எதிராகவும் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கையில் டாக்கெட் எண், ரீசார்ஜ் ரசீது, ஸ்கிரீன்ஷாட்கள் இருந்தால் வாதம் பலமாகும். விற்கும்போது '5ஜி உண்டு, வோஎல்டிஇ உண்டு' என்று சொல்லி போனில் அது இல்லை என்றால், போன் விற்றவர் மீதும் தயாரித்தவர் மீதும் புகார் செய்யலாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேர்க்கவும் வழி உண்டு. அலைய வேண்டியது அதன்பிறகு அவர்கள்தான்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வழியும் இருக்கிறது. 'போர்ட்' என்று எழுதி உங்கள் எண்ணுடன் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் குறியீடு வரும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாறும் முன், புதிய நிறுவனத்தின் சிம்மை வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கி, உங்கள் வீட்டில் உங்கள் போனில் ஒரு நாள் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

மாற வேண்டியது என்ன?

பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இதற்குத் தேவைப்படாது. எந்த மாடலில் 5ஜி, வோஎல்டிஇ, வைஃபை காலிங், இ-சிம் இயங்கும் என்ற முழுப் பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எளிதாகத் தேடும்படி வைக்கலாம். போன் பெட்டியில் எந்தெந்த நிறுவனத்தோடு எந்த வசதி சோதிக்கப்பட்டது என்று அச்சிடலாம். கஸ்டமர் கேரில் ஸ்மார்ட்போன் அமைப்புகள் தெரிந்த ஒரு தனிக்குழு இருக்கலாம். 'போன் பிரச்னை' என்று சொல்லிப் புகாரை மூடும் நிறுவனம், எதை வைத்து அப்படிச் சொல்கிறது என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று டிராய் கேட்கலாம்.

இந்தக் கேள்வியின் அவசரம் இனி கூடத்தான் போகிறது. 2ஜி, 3ஜியை மூடி எல்லோரையும் 4ஜி, 5ஜிக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஜியோ 2024-லேயே டிராயிடம் வலியுறுத்தியது. ஒருநாள் அது நடந்தால், வோஎல்டிஇ சரியாக இயங்காத போனுக்கு இறங்கிப்போக எந்த நெட்வொர்க்கிலும் கீழ்ப்படி இருக்காது. அப்போது கால் போகாமல் தவிப்பவர் பெரும்பாலும் ஊரில் தனியாக இருக்கும் பெற்றோராகவோ, பழைய போனை விடமுடியாத தினக்கூலித் தொழிலாளியாகவோ இருப்பார். ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி ஒரு மரணத்துக்குப் பிறகு இன்னும் பெரிதானது. இங்கே அதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அதுவரைக்கும், அடுத்த முறை போனோ சிம்மோ வாங்கும்போது கடையிலேயே ஒரு கால் போட்டுப் பேசிப் பாருங்கள். பில் போடுவதற்கு முன்பாக!